பழைய கம்ப்யூட்டருக்கு வேறு ப்ராசஸர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர்கள், நண்பர்கள், அக்கம்பக்கத்தார் என்று பலரும் தங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி இவற்றுக்குள்தான் அடங்குகின்றன. தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் பயன்படும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

கேட்பவர்களில் பலரிடம் இருப்பது 2011 முதல் 2013 வரை கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ3 2100 ப்ராசஸர் (கணக்குகளைச் செய்யும் மையச் சில்லு, சிபியு என்பதும் இதுதான்), எச்61 மதர்போர்டு (பாகங்கள் எல்லாம் மாட்டப்படும் பலகை), 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அதையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். மற்றவை அங்கங்கே வரும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. ப்ராசஸரை மாற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. இந்தத் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். சுழலும் தட்டில் ஒரு தகவல் எங்கே இருக்கிறது என்று தேடி, ஹெட் அங்கே நகர்ந்து, தட்டு சுற்றி வந்து சேர ஒவ்வொரு முறையும் 12 மில்லி செகண்டு வாக்கில் ஆகிறது. அப்படியானால் நொடிக்கு நூறு சிறு கோப்புகள்கூடத் தேறாது. விண்டோஸ் ஆன் ஆகும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதே வேலையை அது சில நொடிகளில் முடித்துவிடும். ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஐ7 போட்டாலும், அந்த ஐ7 தகவல் வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டியதுதான்.

எச்61 போர்டில் டிஸ்க்கை மாட்ட இருப்பவை பழைய சாட்டா 2 இணைப்புகள். புதிய எஸ்எஸ்டியின் முழு வேகமான நொடிக்கு 550 எம்பி அதில் கிடைக்காது, ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதைக் கேட்டுத் தயங்க வேண்டாம். அன்றாட உபயோகத்தில் நமக்குத் தெரியும் வேகம் சிறு கோப்புகளைச் சட்டென்று எடுப்பதில் இருக்கிறது, அந்த லாபம் அப்படியே கிடைக்கும். சாட்டா வகை எஸ்எஸ்டியாகக் கேட்டு வாங்குங்கள். என்விஎம்இ என்ற இன்னொரு வகை எஸ்எஸ்டியை மாட்ட இந்தப் போர்டுகளில் இடமே இல்லை.

இதே கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் வேகமாகத்தானே இருந்தது? ப்ராசஸர் தேய்ந்துவிட்டதா?

ப்ராசஸர் தேய்ந்து மெதுவாவதில்லை. நாம் அதற்குக் கொடுக்கும் வேலைதான் பெருத்துவிட்டது. 2012இல் ஓர் இணையப் பக்கம் எவ்வளவு எளிமையாக இருந்தது, இன்று அதே பக்கம் எத்தனை விளம்பரம், எத்தனை வீடியோவோடு வருகிறது என்று பாருங்கள். அதோடு 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் வெளிவந்தன. அவற்றை அடைக்க வந்த திருத்தங்கள் பழைய இன்டெல் ப்ராசஸர்களின் வேகத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. 2013க்கு முந்தைய தலைமுறைகளுக்குத்தான் இழப்பு அதிகம்.

இன்னொன்று, தூசி. ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் இடுக்குகளில் பஞ்சுபோல் தூசி அடைந்து, அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால், ப்ராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பேஸ்ட் மாற்றிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

குறை ப்ராசஸரில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். எந்த வேலையில் கம்ப்யூட்டர் உங்களை எரிச்சல்படுத்துகிறதோ அதைச் செய்துகொண்டே பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி தேவை. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் தேவை. இரண்டும் ஓய்வாக இருந்து சிபியு மட்டும் 100ஐத் தொட்டு அங்கேயே நின்றால், அப்போதுதான் இந்தப் பக்கத்தின் மீதிக் கேள்விகள் உங்களுக்கானவை.

ஏமாறக்கூடிய ஓர் இடம் உண்டு. ஐ3 2100இல் இரண்டு கோர் (தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). ஒரு மென்பொருள் ஒரே த்ரெட்டில் வேலை செய்தால், அது முழு மூச்சில் ஓடும்போதும் மொத்தக் கணக்கில் 25 சதவீதம்தான் காட்டும். ‘சிபியு காலியாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றிவிடும். வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்’ என்று மாற்றினால் நான்கு தனிக் கட்டங்கள் வரும். அவற்றில் ஒன்று உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கீழே ‘ஸ்பீடு’ என்ற எண்ணையும் கவனியுங்கள். ஐ3 2100 வேலை நேரத்தில் 3.1 ஜிகாஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். வேலை நடக்கும்போதும் அதற்கு வெகு கீழே கிடந்தால், முந்தைய பதிலில் சொன்ன சூட்டைச் சந்தேகியுங்கள்.

எஸ்எஸ்டி போட்டேன், ரேமும் 8 ஜிபி ஆக்கிவிட்டேன். இனி ப்ராசஸர் மாற்றலாமா?

உங்கள் வேலையைப் பொறுத்தது. டாலி, வேர்டு, மின்னஞ்சல், ஆன்லைன் விண்ணப்பங்கள் இவ்வளவுதான் என்றால் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வீடியோ எடிட்டிங், நூற்றுக்கணக்கான கல்யாணப் புகைப்படங்களை ஒரே மூச்சில் மாற்றுவது, பெரிய நிரல்களைக் கம்பைல் செய்வது, பிரவுசரில் இருபது டேப் திறந்தபடி வீடியோ கால் பேசுவது ஆகியவை கோர்களின் எண்ணிக்கையை உண்மையாகவே பயன்படுத்தும் வேலைகள். இவற்றுக்கு இரண்டு கோரிலிருந்து நான்குக்குப் போவது நன்றாகவே தெரியும்.

எட்டு ஜிபியை இரண்டு நான்காகப் போட்டிருக்கிறீர்களா, ஒரே எட்டாகவா என்பதையும் பாருங்கள். இரண்டு குச்சிகளாக இருந்தால் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே இரண்டு பாதைகள் திறக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இது நல்ல உதவி.

என் போர்டில் எந்த ப்ராசஸர் உட்காரும்?

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் ப்ராசஸர், சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்), மதர்போர்டு மாடல், பயாஸ் (போர்டைத் தொடங்கி வைக்கும் உள்மென்பொருள்) தேதி எல்லாம் தெரிந்துவிடும். இன்டெல் கணக்கு இது: எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை (ஐ3 2100 இரண்டாம் தலைமுறை, ஐ5 3470 மூன்றாம் தலைமுறை). 1150 சாக்கெட்டில் முக்கியமாக நான்காம் தலைமுறை. 1151இல் ஆறு முதல் ஒன்பது வரை. 1200இல் பத்து, பதினொன்று. 1700இல் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை. 5000 வரிசை வரையிலான ஏஎம்டி ரைசன் என்றால் ஏஎம்4 சாக்கெட். அதற்குத் தனிக் கேள்வி பின்னால் வருகிறது.

சாக்கெட் எண் ஒன்றாக இருந்தால் போதும்தானே?

போதாது. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். 1151 சாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம், ஏழாம் தலைமுறைக்கு வந்த எச்110 போர்டில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. எட்டு, ஒன்பதுக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) கொண்ட போர்டு வேண்டும். எண் ஒன்று, மின் இணைப்பு வேறு.

எச்61க்கு வருவோம். இது இரண்டாம் தலைமுறையோடு வந்த போர்டு. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை இதில் ஓட வேண்டுமானால் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே அதைச் செய்து முடித்துவிட வேண்டும். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் போர்டே செத்துவிடும் என்பதால், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். க்யூ65, க்யூ67, பி65 சிப்செட்டுகள் மூன்றாம் தலைமுறையை ஏற்பதில்லை. அலுவலகங்களிலிருந்து கழிந்து விற்பனைக்கு வரும் பிராண்டட் கம்ப்யூட்டர்களில் இவை அதிகம் என்பதால் அவற்றை வாங்கியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். போர்டு தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான ‘சிபியு சப்போர்ட் லிஸ்ட்’ இருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ப்ராசஸரைக் கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஐ3 2100 வைத்திருக்கிறேன். ஐ5 போதுமா, ஐ7 வாங்கவா?

என் பரிந்துரை ஐ5 3470. நான்கு உண்மையான கோர்கள், அடிப்படை வேகம் 3.2, தேவைப்படும்போது 3.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். ஐ3 2100க்கு அப்படி ஏறும் வசதியே இல்லை. ஒரே த்ரெட்டில் ஓடும் மென்பொருளில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும், கோர்களைப் பகிர்ந்துகொள்ளும் வேலைகளில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகும். முன்பு பத்து நிமிடம் எடுத்த வீடியோ ரெண்டர் ஆறு நிமிடத்தை ஒட்டி முடியும் என்று எதிர்பார்க்கலாம்.

ஐ7 3770இல் அதே நான்கு கோர், ஆனால் எட்டு த்ரெட். எட்டு என்றவுடன் இரட்டிப்பு வேகம் என்று நினைக்க வேண்டாம். கூடுதல் த்ரெட்டுகள் ரெண்டர் போன்ற வேலைகளில் கால் பங்கு வரை தரலாம், அன்றாட வேலையில் தெரியவே தெரியாது. விலை வித்தியாசம் சிறியதாக இருந்து, எடிட்டிங்தான் உங்கள் பிழைப்பு என்றால் ஐ7 எடுங்கள். இல்லாவிட்டால் ஐ5.

ஐ7 பழையதாக இருந்தாலும் ஐ7தானே? புது ஐ3 எப்படி அதைவிட மேலாகும்?

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் தரம் பிரிக்கும் பெயர்கள். தலைமுறை தாண்டி ஒப்பிட அவை உதவாது. 2012இன் ஐ7 3770க்கும் 2022இன் ஐ3 12100க்கும் நான்கு கோர், எட்டு த்ரெட் என்று கணக்கு ஒன்றுதான். ஆனால் புதியது ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலையை முடிக்கிறது, 4.3 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது, வேகமான ரேமோடு பேசுகிறது. எந்த வேலையிலும் பழைய ஐ7 அதன் பக்கத்தில் வர முடியாது. ‘ஐ7 கம்ப்யூட்டர்’ என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் ஐ7க்குப் பின்னால் இருக்கும் எண்ணைக் கேளுங்கள்.

யூடியூபில் 1080பி வீடியோ திக்கித் திணறுகிறது. இதற்கு ப்ராசஸர்தானே தீர்வு?

பாதி உண்மை. யூடியூப் இப்போது வீடியோக்களைப் பெரும்பாலும் விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் அனுப்புகிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸ் பகுதிக்கு எச்.264 என்ற பழைய வடிவம் தெரியும், விபி9 தெரியாது. அதனால் அந்தச் சுமை முழுவதும் கோர்களின் தலையில் விழுகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோவில் இரண்டு கோர் ப்ராசஸர் மூச்சு வாங்குவது இதனால்தான். நான்கு கோர் போட்டால் திணறல் நிற்கும், உண்மைதான்.

ஆனால் பணம் செலவழிக்காத வழியை முதலில் முயலுங்கள். யூடியூபை எச்.264 வடிவிலேயே அனுப்பச் செய்யும் பிரவுசர் நீட்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை நிறுவி அதே வீடியோவை ஓட்டிப் பாருங்கள். வீடியோ பார்ப்பது மட்டுமே உங்கள் குறை என்றால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். ப்ராசஸர் மாற்றினால் 11 போட முடியுமா?

எச்61இல் முடியாது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை முதல், அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. முன்பு சொன்ன சாக்கெட் கணக்கைப் பார்த்தால், 1155, 1150 போர்டுகளுக்கும் ஏழாம் தலைமுறையோடு நின்றுவிடும் 1151 போர்டுகளுக்கும் வழியில்லை. சோதனைகளை ஏமாற்றி நிறுவும் முறைகள் உண்டு. ஆனால் அப்படி நிறுவிய கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி என்று பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் அந்த முறைக்கு நான் ஒப்ப மாட்டேன்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீட்டிக்கப்பட்டன. அதற்குப் பிறகும் இந்தக் கம்ப்யூட்டரை வைத்திருக்க விரும்புகிறவர்கள் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதுதான் நேர்மையான வழி. பிரவுசரும் ஆபீஸ் வேலையும் மட்டும் போதுமென்றால் ஐ5 3470இல் அது மிக நன்றாக ஓடும். விண்டோஸ் மென்பொருளை விட முடியாதவர்கள் ப்ராசஸருக்காக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேமியுங்கள்.

ரைசன் 3 1200 வைத்திருக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் மனம் நிறைந்து ‘மாற்றுங்கள்’ என்று சொல்வது உங்களிடம்தான். ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி பல வருடங்கள் மாற்றாமல் வைத்திருந்தது. 2017இல் வந்த ஏ320, பி350 போர்டுகளில் பலவற்றுக்கு, ரைசன் 5000 வரிசையை ஏற்கும் பயாஸ் 2022இல் வந்துவிட்டது. நான்கு கோர், நான்கு த்ரெட்டிலிருந்து ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் கொண்ட ரைசன் 5 5600க்குப் போகலாம். அதே போர்டு, அதே ரேம், அதே 65 வாட். விண்டோஸ் 11 தடையும் நீங்கிவிடும், பயாஸில் எஃப்டிபிஎம்மை (ப்ராசஸரோடு வரும் டிபிஎம்) இயக்கினால் போதும்.

5600இல் கிராபிக்ஸ் பகுதி இல்லை. தனி கார்டு இல்லாதவர்கள் 5600ஜி வாங்க வேண்டும். பழைய ப்ராசஸரைக் கழற்றும்போது கூலரை நேரே மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அடியிலிருக்கும் பின்கள் வளையும். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிறகு எடுங்கள்.

லேப்டாப்பில் ப்ராசஸர் மாற்ற முடியுமா?

ஏறக்குறைய எல்லாவற்றிலும் முடியாது. போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். கழற்றக்கூடிய சாக்கெட் இன்டெல் லேப்டாப்களில் நான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டது, அப்போதும் ‘யு’ வரிசைக்கு அந்த வசதி இல்லை. எஸ்எஸ்டி, ரேம், தூசி சுத்தம் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோர் 2 டியூவோ கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. க்வாட் போட்டால் பையன் படிக்க உதவுமா?

வேண்டாம். க்வாட் வகையில் பெயர்பெற்ற க்யூ6600 அதன் காலத்தில் அருமையான ப்ராசஸர், ஆனால் அது வந்தது 2007இல். இன்றைய சில மென்பொருள்கள் கேட்கும் எஸ்எஸ்இ4 கட்டளைகளே அதில் இல்லை. மின்சாரம் மட்டும் நிறைய இழுக்கும். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பழைய ஆறாம் அல்லது எட்டாம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றைப் பையனுக்கு வாங்கிக் கொடுங்கள்.

கேம் விளையாடத்தான் கேட்கிறேன். ஐ5 போட்டால் ஃபிரேம் கூடுமா?

விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தால், ப்ராசஸர் மாற்றிப் பயனில்லை. கார்டு ஓய்வாக இருந்து கோர்கள் உச்சியில் நின்றால் பயனுண்டு. 1155 சாக்கெட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு 2013இல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் ஐ7 3770இலும் திறக்காது.

புதிதாகக் கிடைக்காதே? பழைய ப்ராசஸரை நம்பி வாங்கலாமா?

நம்பலாம். கம்ப்யூட்டரின் பாகங்களிலேயே மிக அரிதாகக் கெடுவது ப்ராசஸர்தான். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, மற்ற ஊர்களில் சர்வீஸ் கடைகளில் சொல்லிவைத்தால் கிடைக்கும். முடிந்தால் உங்கள் கேபினட்டையே தூக்கிக்கொண்டு போங்கள். கடையிலேயே மாட்டச் சொல்லி, சிபியு-இசட்டில் பெயரைச் சரிபார்த்து, கால் மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுங்கள். மூடியில் மாடல் எண் இல்லாமல் ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி, விற்பனைக்குரியது அல்ல. தொடாதீர்கள்.

இன்டெலின் சர்வர் வகை ப்ராசஸரான ஜியான் இ3 1230 வி2ஐ மலிவாகக் கொடுப்பார்கள். ஐ7 3770க்கு நெருங்கிய வேகம், நல்ல சரக்கு. ஆனால் அதில் கிராபிக்ஸ் பகுதி இல்லை, தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் மானிட்டர் இருட்டாகவே இருக்கும். அதோடு ப்ராசஸரைவிடப் போர்டைத்தான் நான் அதிகம் சோதிப்பேன். சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டில் எதையும் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸும் கூலரும் மாற்ற வேண்டி வருமா?

ஐ3 2100க்கு 65 வாட், ஐ5 3470க்கும் ஐ7 3770க்கும் 77 வாட். பன்னிரண்டு வாட் கூடுதலுக்காக எஸ்எம்பிஎஸ் என்ற மின்சப்ளைப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை, ஏற்கெனவே நோஞ்சானாக இருந்தால் தவிர. கூலர் விஷயம் வேறு. மூன்றாம் தலைமுறையில் இன்டெல் மூடிக்கும் சில்லுக்கும் நடுவில் ஈயப்பற்றுக்குப் பதில் பேஸ்ட் வைத்ததால், அது முந்தைய தலைமுறையைவிட எளிதில் சூடாகும். ஐ3யோடு வந்த ஒல்லியான கூலர் ஐ7க்குக் கோடையில் போதாது. கொஞ்சம் பெரிய கூலரின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

மொத்தத்தில் எவ்வளவு வரை செலவழிக்கலாம்?

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ப்ராசஸர், கூலர், பேஸ்ட், கடைக்கூலி எல்லாம் சேர்த்து, உங்களுடையதைவிட இரண்டு மூன்று தலைமுறை பிந்திய செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எஸ்எஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நாளை வேறு கம்ப்யூட்டருக்கும் அதை எடுத்துப் போகலாம். ‘போர்டையும் மாற்றிவிடலாம்’ என்று யாராவது தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். போர்டு மாறினால் பெரும்பாலும் ரேமும் மாறும். அது அப்கிரேடு அல்ல, வேறு கம்ப்யூட்டர். அதை அப்படியே விலை போட்டு ஒப்பிடுங்கள்.

சார், மாற்றியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லை. என்ன செய்வது?

பதற வேண்டாம். சாக்கெட் அருகே இருக்கும் நான்கு பின் மின் இணைப்பைத் திரும்பச் செருகினீர்களா என்று முதலில் பாருங்கள், அவசரத்தில் மறந்துபோவது அதுதான். பிறகு ரேமைக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டிலிருக்கும் காசு போன்ற பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பழைய ப்ராசஸரை மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் பயாஸ் புதுப்பிக்கப்படவில்லை என்று பொருள், அல்லது வாங்கியதில் கிராபிக்ஸ் பகுதி இல்லை. பழையதற்கும் வராவிட்டால் சாக்கெட்டின் பின்களை டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். வரிசையில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னினால் அது வளைந்திருக்கிறது. கையால் நிமிர்த்தாமல், லென்ஸ் வைத்து வேலை செய்யும் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். இந்தச் சோதனைக்காகவாவது பழைய ப்ராசஸரை ஒரு மாதம் விற்காமல் வைத்திருங்கள்.